வாசலில் நின்று கேட்ட சிஸ்டர்

ஜெசிந்தா சிஸ்டர் இறந்துபோன செய்தி எனக்கு உப்புப் பாத்தியில் வந்தது. ஆவணி மாதம், திங்கட்கிழமை, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். பலகையால் உப்பை வாரி வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தேன். தனபால் மேஸ்திரி கரையில் நின்று கையை ஆட்டினார். எங்கள் தெருவில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்களுக்கு அவருடைய செல்போன் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறோம்.

“அஞ்சல, கொஞ்சம் மேல வாம்மா.”

“என்னா மேஸ்திரி, அம்மான்னு கூப்பிடறீங்க? காய்ச்சல் உங்களுக்கா, எனக்கா?” என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அவர் என்னை “ஏ அஞ்சல” என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்.

அவர் சிரிக்கவில்லை. “பாண்டிலேர்ந்து போன் வந்துச்சு. உங்க குடை சிஸ்டரு இருக்காங்களே... விடியகாலைல நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம். நாளைக்கு அடக்கம்.”

கையிலிருந்த பலகையை வரப்பில் சாத்தினேன். அது சரிந்து பாத்திக்குள்ளேயே விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்கள் எல்லாரும் கரையேறி வந்துவிட்டார்கள். சிஸ்டரைத் தெரியாதவர்கள் எங்கள் உப்பளத்தில் இல்லை. ஐயோ என்றார்கள், தங்கமானவங்க என்றார்கள். அடுத்த மூச்சில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்.

“உன் தம்பி ஏழுமலகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றாள் கோவிந்தம்மாள். “இப்பதான் மனுஷனா நடமாடறான். திரும்பவும் ஏறிக்கிச்சுன்னா யாரு பாக்கறது?”

“நாளைக்கு செவ்வாக்கெழம, அவங்க வர்ற நாளு. சிஸ்டருக்கு லீவுன்னு சொல்லிடு” என்றார் மேஸ்திரி. “அடுத்த வாரம் வேற எதுனா சொல்லு. ஒரு மாசத்துல மறந்துடுவான்.”

நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தலையை ஆட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். அளத்திலிருந்து எங்கள் வீடு அரை மணி நேர நடை. அந்த அரை மணி நேரத்தில் எனக்குள் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று சிஸ்டரின் தங்கை ரோசலின் அம்மா கேட்டார். “நான் மூணாங் கிளாசுங்க” என்றேன். “அக்கா எழுத்து டாக்டருக்கே புரியாது. அதவிட மோசமாவா எழுதிடப் போறீங்க?” என்றார். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிட வேண்டாம். அவர் நர்ஸ். பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் மனநோய் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குள்ளம், நல்ல பருமன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கறுப்புக் குடையும், அவரையே உள்ளே போட்டு மூடிவிடலாம் போல ஒரு பையும் வைத்திருப்பார். வெள்ளை வெளேரென்று உப்பு காயும் இடத்தில் அந்தக் கறுப்புக் குடை தூரத்திலேயே தெரியும். “வருது பாரு, நடக்கற காளான்” என்பேன். அவரிடமே சொல்லியிருக்கிறேன். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. ரத்த அழுத்தம் பார்ப்பார், மாத்திரை எண்ணிக் கொடுப்பார், நாலு பேரிடம் பேசுவார். அதற்குப் பிறகு திடீரென்று நின்று, “காளானா?” என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். சிஸ்டருக்குச் சிரிப்பு எப்போதுமே அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் தம்பி ஏழுமலைக்காக.

ஏழுமலை என்னைவிட ஏழு வயது சின்னவன். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் அவன் காலுக்குப் பெயர் உண்டு. தை மாதம் அளத்தில் வேலை தொடங்கும்போது பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகவில்லை என்றால் உப்பில் மண் ஏறிவிடும். ஏழுமலை மிதித்த பாத்தி என்றால் கண்ணாடி போல இருக்கும். பக்கத்து அளத்துக்காரர்கள்கூட வந்து அவனைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

அவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். முதலில் ராத்தூக்கம் போனது. பிறகு வேலை போனது. ஒருநாள் நடுப்பகலில், உப்பு விளைந்து நாளைக்கு வார வேண்டும் என்று இருந்த பாத்திகளில் இறங்கி ஒன்று விடாமல் மிதித்துவிட்டான். பதினோரு பாத்தி. எல்லாம் சேறு. “மிதி மிதின்னு சொல்றாங்கக்கா, நான் என்னா பண்றது?” என்று என்னைக் கேட்டான். அளத்துக்காரர்கள் அடித்த அடியில் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை.

மூன்று மதத்துச் சாமியிடமும் கூட்டிக்கொண்டு போனோம். யாரையும் நான் குறை சொல்லமாட்டேன், மூன்று பேரும் ஏழுமலையை ஒருவர் இன்னொருவர் பக்கம் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு தடவை ஈ.சி.ஆர் ரோட்டில் பஸ்ஸுக்கு எதிரே போய் நின்றான். அன்றைக்கு எங்கள் அம்மா சங்கிலி வாங்கி வந்தது. பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டகையில், தூணுக்கும் அவனுடைய வலது காலுக்கும் போட்டுப் பூட்டினோம். அம்மா சாகும்போது சாவியை என் கையில் கொடுத்தது. நான் அதைப் புடவை முடிச்சில் பின் போட்டுக் குத்தி வைத்திருந்தேன். மொத்தம் ஆறு வருடம்.

கல்நெஞ்சக்காரி என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சோறு போட்டேன், குளிப்பாட்டினேன். சாவி என்னிடம் இருக்கிறது, வேண்டும் என்றால் ஒரு நிமிடத்தில் திறந்துவிடலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

பிறகு கடல் பொங்கி வந்தது. எங்கள் தெரு வரைக்கும் தண்ணீர் வரவில்லை. கால்வாய் வழியாக ஏறி அளத்தோடு நின்றுவிட்டது. அதற்கடுத்த வாரங்களில் வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். மனசுக்கு மருந்து கொடுக்கிறோம் என்று சொல்லி ஒரு வேனும் வந்தது. படித்த பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். கையில் ஆளுக்கு ஒரு காகிதம்.

“உங்க தம்பி அலையப் பாத்து பயந்துட்டாராம்மா?” என்று ஒரு பெண் கேட்டது.

“இல்லம்மா, இவன் அலைக்கு முன்னாடியே இப்படித்தான்.”

அந்தப் பெண் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அலைக்கு முன்னாடி வந்ததை எழுத அதில் இடம் இல்லை. பாவம், எங்கே எழுதும்? “வேணும்னா பயந்துட்டான்னே போட்டுக்கோம்மா” என்று சொன்னேன்.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் குடையோடு நின்றுகொண்டிருந்தவர்தான் ஜெசிந்தா சிஸ்டர். அவர் கையில் காகிதம் இல்லை. கொட்டகைப் பக்கம் பார்த்தபடி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தண்ணி வந்தப்ப இவர் எங்க இருந்தாரு?”

எனக்கு “இவர்” யாரென்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. “இங்கயேதான் சிஸ்டர். சாவி என் முந்தானைலயே இருக்குது. ஓடியாந்து தொறந்துட மாட்டேனா?” என்று முடிச்சைத் தட்டிக் காட்டினேன்.

வேன்கள் நின்றுபோயின. சிஸ்டர் மட்டும் அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் தனியாக வந்தார். நேராகக் கொட்டகைக்குப் போவார் என்று பார்த்தேன். போனார், ஆனால் உள்ளே நுழையவில்லை. கதவுகூட இல்லாத அந்தக் கொட்டகையின் வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“ஏழுமலை, என் பேரு ஜெசிந்தா. நான் நர்ஸ். உள்ள வரலாங்களா?”

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சிஸ்டர் நின்றார். வெயில் காலில் ஏறியது. நான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, “சிஸ்டர், இது மாட்டுக் கொட்டா. மாடு பாட்டுக்கு இருக்கும், நம்ம பாட்டுக்குப் போவோம் வருவோம். யாரைக் கேட்டுக்கினு இருக்கீங்க?” என்றேன்.

“இது அவர் இருக்கற எடம், அஞ்சலை. அவர்தான் சொல்லணும்.”

ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, “சரிங்க ஏழுமலை, அடுத்த செவ்வா வரேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தெருவே சிரித்தது. கதவில்லாத வீட்டுக்கு பெல் அடிக்கிற அம்மா என்று நான்தான் பெயர் வைத்தேன். அடுத்த செவ்வாயும் அதே கதை. அதற்கடுத்த செவ்வாயும். நாலாவது செவ்வாய்க்கிழமை அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: “வா. குடைய வெளிய வை.”

சிஸ்டர் குடையை வெளியில் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய், சாணி மெழுகிய தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். கைலாசத்துக்கே கூப்பிட்டாற்போல முகம். அன்றிலிருந்து என் தம்பிக்கு நாலு வார்த்தை பேச ஆள் வந்தது.

இனி என்னுடைய கோளாறைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் சிஸ்டரைப் பற்றி எழுதினால் அவரே எழுந்து வந்து அடித்துவிடுவார்.

மாதம் ஒருமுறை டாக்டரும் சிஸ்டரோடு வருவார். அவர் பார்த்து மாத்திரை எழுதினார். ஏழுமலை வேண்டாம் என்றான். “சரி, அடுத்த வாரம் கேக்கறேன்” என்றார் சிஸ்டர். மாத்திரை அட்டையை என்னிடம் கொடுத்து, “தெனம் கேளுங்க. வேணாம்னா வச்சிடுங்க” என்றார். எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டு நாள் கேட்டேன். மூன்றாம் நாள் மாத்திரையை அம்மியில் நுணுக்கிக் கூழில் கலக்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கசந்தது. கசப்பு தெரியாமல் இருக்க ஒரு பிடி உப்பைக் கூடப் போட்டேன்.

அளத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு உப்பைக் கூட்டிப்போட்டு ஏமாற்றலாம் என்று நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

“என்னாக்கா, உப்பு கரிக்குது?” என்றான்.

“கை தவறிடுச்சுடா. குடி.”

குடித்தான். தினமும் கை தவறியது. இரண்டு வாரத்தில் தூங்கினான். மூன்றாவது வாரம் தானாகத் தலை வாரிக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை சிஸ்டர் வந்ததும் ஒரு ஓரமாகக் கூட்டிப்போய், “சிஸ்டர், உங்களால ஆகாதத நான் பண்ணிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னேன்.

சிஸ்டரின் முகம் செத்துவிட்டது. பிறகு, “தப்பு என்னோடது. அட்டைய உங்ககிட்ட குடுத்துட்டு, ஏன் கேட்டுத்தான் குடுக்கணும்னு நான் சொல்லாம விட்டுட்டேன்” என்றார். அதோடு விட்டாரா? “அவர்கிட்ட நீங்க சொல்லணும்.”

“சொன்னா கெட்டுச்சு. சாப்பிடவே மாட்டான்.”

“சாப்பிடலைன்னாலும் சொல்லணும்.”

“நல்லாயிட்டு வர்றான் சிஸ்டர்! அத கெடுக்கச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்குதா?”

“அவரு உடம்பு அஞ்சலை. உள்ள என்ன போகுதுன்னு அவருக்குத் தெரியாமலே நாம நல்லது பண்றோம். அவர் காதுல பேசறவங்களும் அவரக் கேட்டுக்கிட்டா பேசறாங்க? அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?”

“நீங்களே சொல்லுங்க” என்றேன். “கலந்தது உங்க கை. நீங்கதான் சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்” என்றார்.

சொன்னேன். ஏழுமலை என்னைத் திட்டவில்லை, கத்தவில்லை. எதிரே இருந்த கூழ்ச் சட்டியை ஒரு விரலால் மெதுவாகத் தள்ளிவைத்தான்.

அன்றிலிருந்து என் கையால் எதையும் வாங்கவில்லை. பிரிக்காத பிஸ்கட் பொட்டலம் தின்றான். தானே உரித்து வாழைப்பழம் தின்றான். தண்ணீரை நான் முதலில் குடித்துக் காட்டினால்தான் குடித்தான். காதுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நான் சிஸ்டரைச் சபித்தேன். தெருவில் நின்று சத்தமாகவே சபித்தேன், அளத்துக்கே கேட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் பையிலிருந்து வேகவைத்த முட்டை நாலு எடுத்தார், ஓட்டோடு. “ஓட்டுக்குள்ள யாரும் எதையும் போட முடியாது பாருங்க” என்று அவனிடம் கொடுத்தார். அவன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, உடைத்துத் தின்றான். சிஸ்டர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, “பசில இருக்காரு” என்று மட்டும் சொன்னார். நான் சமையல்கட்டுக்குள் போய் அழுதேன்.

இப்படி இரண்டு செவ்வாய் போனது. மூன்றாவது செவ்வாய், ஏழுமலையே கேட்டான்: “அந்த மாத்திரை என்னா பண்ணும்?”

சிஸ்டர் அவனிடம் எதையும் மறைக்கவில்லை. “தூக்கம் வரும். நாக்கு வறளும். கை லேசா நடுங்கலாம், அதுக்கு வேற மாத்திரை இருக்கு. காதுல பேசறவங்க கொறைவாங்க. முழுசாப் போவாங்கன்னு நான் சொல்லமாட்டேன்.”

அவன் யோசித்தான். “சங்கிலிய எடு. மாத்திரை போடறேன்.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனே இறங்கி வருகிறான்! சிஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா?

“ரெண்டையும் சேக்காதீங்க ஏழுமலை. சங்கிலிய எப்படியும் எடுக்கணும். அது உங்க கால்ல இருந்திருக்கவே கூடாது. மாத்திரை வேற விஷயம். புடிச்சா போடுங்க, புடிக்கலைன்னா பேசலாம்.”

“சிஸ்டர்! கெடைச்சத கோட்ட விடறீங்களே!” என்று கத்திவிட்டேன்.

“பூட்டத் தொறங்க அஞ்சலை” என்றார்.

ரோடு, பஸ், பாத்தி எல்லாம் கண்ணில் வந்து போனது. “ஓடிட்டான்னா?” என்றேன். “ஓடினா தேடுவோம். நானும் தேடறேன். எனக்கு ஓடத்தான் வராது, நடந்து தேடறேன்” என்றார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் சொன்னதில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துப் பூட்டில் விட்டேன்.

திரும்பவில்லை.

இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். எண்ணெய் விட்டேன். உப்புக் காற்றில் பூட்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து ஒரே இரும்பாகிவிட்டிருந்தது. எத்தனை நாளாக என்று யாருக்குத் தெரியும்? ஒரு வருடமோ, மூன்று வருடமோ. தினமும் சாவியைத் தொட்டுப் பார்த்துத் தூங்கியவள், பூட்டை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அப்போதுதான் சிஸ்டர் முதல்நாள் கேட்ட கேள்வி என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். இந்தச் சாவியை இந்தப் பூட்டில் போட்டுத் திருகிக்கொண்டே இருந்திருப்பேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் எழுந்துபோய் சைக்கிள் கடையிலிருந்து இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு வாங்கி வந்தார். அறுப்பதற்கு முன்னாலும், “காலப் புடிச்சுக்கலாங்களா?” என்று அவனைக் கேட்டுவிட்டுத்தான் தொட்டார். மாற்றி மாற்றி நாங்கள் இரண்டு பேரும் அறுத்தோம். சங்கிலி விழுந்த பிறகும் ஏழுமலை வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தான். வாசல் வரைக்கும் வந்து, வெளியே தலையை நீட்டி, “வெயிலு” என்றான். சிஸ்டர் குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அவன் ஓடவில்லை. ஒரு வாரம் கழித்து, மாத்திரையைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். என் கையால் சோறு வாங்குவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. சமையலில் உப்பு போடக் கூடாது. உப்பைக் கொட்டாங்கச்சியில் தனியாக வைக்க வேண்டும், அவனே போட்டுக்கொள்வான். இன்றுவரை எங்கள் வீட்டில் அப்படித்தான். உப்பு விளைவிக்கிற வீட்டில் உப்பில்லாத குழம்பு. விருந்தாளி வந்தால் முதல் வாயில் முகத்தைச் சுளிப்பார்கள். சிஸ்டருக்கு மட்டும் சொல்ல வேண்டியதில்லை, உட்கார்ந்ததும் கொட்டாங்கச்சிக்குக் கை நீட்டுவார்.

நோய் போய்விட்டது என்று எழுதமாட்டேன். பொய் எழுதினால் சிஸ்டருக்குப் பிடிக்காது. சில நாள் இன்னமும் தனியாகப் பேசுகிறான். சில நாள் எழுந்திருக்கவே மாட்டான். ஆனால் டாக்டர் என்னைப் பார்த்து “இவன் தூங்கறானா?” என்று கேட்டால், “அவரையே கேளுங்க டாக்டர், பக்கத்துலதான் இருக்காரு” என்று சிஸ்டர் சொல்லுவார். கேட்டுக் கேட்டு டாக்டரும் திருந்திவிட்டார். நானும் முக்கால்வாசி திருந்திவிட்டேன்.

இந்த வருடம் தை மாதம் ஏழுமலை மறுபடி பாத்தி மிதிக்க இறங்கினான். சிஸ்டருக்குச் சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை அவர் குடையும் பையுமாக வரப்பில் நடந்து வந்தார். பார்த்தால் சர்க்கஸ்காரி கம்பியில் நடப்பது போலிருந்தது. “சிஸ்டர், வரப்பு தாங்காது, மேஸ்திரி சண்டைக்கு வருவாரு!” என்று கத்தினேன். அவர் என்னைப் பார்க்கத் திரும்பினார், ஒரு கால் வழுக்கி முட்டிவரை சேற்றில் இறங்கிவிட்டது. ஏழுமலை பாத்தியிலிருந்து வந்து, கையை நீட்டாமல், கொஞ்சம் தள்ளி நின்று கேட்டான்: “தூக்கிவிடலாங்களா சிஸ்டர்?”

சிஸ்டர் சேற்றில் நின்றபடியே அவனை வெகுநேரம் பார்த்தார். “தூக்குங்க” என்றார். அன்றைக்குக் காளான் நனைந்துவிட்டது என்று நான் சொன்னதற்கு பஸ் ஏறும்போதுதான் சிரித்தார். ஜன்னல் வழியாக அவர் குலுங்கிச் சிரிப்பது பஸ் திரும்பும்வரை தெரிந்தது.

இதெல்லாம் ஓடத்தான் அரை மணி நேரம் சரியாக இருந்தது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழுமலை வீட்டு வேலையை முடித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“என்னாக்கா, சீக்கிரம் வந்துட்ட?”

“தலவலிடா.”

சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது வாய்வரை வந்துவிட்டது: நாளைக்கு சிஸ்டருக்கு லீவாம். ஏழுமலை கொட்டாங்கச்சியில் விரலை விட்டு, ஒரு சிட்டிகை உப்பு எடுத்து, சோற்றில் தூவிப் பிசைந்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தச் சிட்டிகை உப்புக்கு எதிரே எனக்குப் பொய் வரவில்லை.

“ஏழுமல, சிஸ்டர் செத்துப் போயிட்டாங்கடா. இன்னிக்கு விடியகாலைல. நெஞ்சு வலியாம்.”

கையில் இருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். சுவரைப் பார்த்தான். பழைய சுவர், பழைய முதுகு.

“சொல்ல வேணாம்னு யாரும் சொல்லலியா?” என்று கேட்டான்.

“எல்லாரும்தான் சொன்னாங்க.”

“அப்பறம் ஏன் சொன்ன?”

“சொல்லலைன்னா சிஸ்டர் திட்டுவாங்க.”

அவன் திரும்பினான். முகமெல்லாம் கண்ணீர். ஆனால் அது என் தம்பியின் முகமாகத்தான் இருந்தது, வேறு யாரும் அதில் வரவில்லை. மிச்சச் சோற்றைத் தின்றான். சாயங்காலம் மாத்திரையைப் போட்டுக்கொண்டான். பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறி ஆணியில் மாட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலை பாண்டிச்சேரி பஸ் ஏறினோம். கூனிமேடு போனது, கோட்டக்குப்பம் போனது. எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் ஏழுமலை எட்டி எட்டிப் பார்த்தான். நானும்தான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அந்த நேரத்துக்கு அவர் அந்தப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருப்பார்.

சிறிய வீடு. ஜனம் நிறைந்திருந்தது. நடுவில் பெட்டி, மெழுகுவர்த்தி, ஜெபம் சொல்லும் பெண்கள். எல்லாரும் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள், நானும் போனேன். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஏழுமலை இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தான்.

“சிஸ்டர், ஏழுமலை வந்திருக்கேன். உள்ள வரலாங்களா?”

ஜெபம் நின்றுவிட்டது. ரோசலின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாப்பா, உள்ள வா” என்றார்.

“நான் சிஸ்டரக் கேட்டேங்க” என்றான், மரியாதையாக.

யாரோ ஒருவர் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் போனார். “விடுங்க” என்றேன். “இவன் அவங்கள மூணு செவ்வாக்கெழம நிக்க வச்சான். இவன் ஒரு நாள் நிக்கட்டும்.” யாருக்கும் புரியவில்லை. ஆனால் விட்டுவிட்டார்கள். வாசல் பக்கத்து ஆணியில் அவருடைய கறுப்புக் குடை மாட்டியிருந்தது. அதன் கீழே அவன் நின்றான். வெயில் காலில் ஏறியது. ஜெபம் முடியும்வரை நகரவில்லை.

அவர் பதில் சொல்லவில்லை, அதனால் அவன் உள்ளே போகவில்லை. கடைசியில் சிஸ்டர்தான் வெளியே வந்தார். நாலு பேர் பெட்டியைத் தூக்கி வாசலைத் தாண்டியபோது, முன்னால் வந்தவரிடம் ஏழுமலை கேட்டான்: “நான் தூக்கலாங்களா?” அவர் ஒதுங்கி இடம் கொடுத்தார். என் தம்பி தோளைக் கொடுத்து, பாத்தி மிதிப்பது போல ஒவ்வொரு அடியாக அழுத்தி வைத்து நடந்தான்.

சிஸ்டர், இந்த முப்பது நாளில் நாலு செவ்வாய்க்கிழமை போய்விட்டது. பஸ் ஹாரன் கேட்டால் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன். அவ்வளவு வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் கண் கூசுகிறது. கொட்டாங்கச்சியில் உப்பு இருக்கிறது. உங்களைப் பற்றி இங்கே நிறையக் கிண்டல் பண்ணி எழுதியிருக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வர நேரமாகும், எனக்குத் தெரியும். மெதுவாகவே சிரியுங்கள். போய் வாங்க.